முதல் இருநூறு மில்லி

வெப்பமானி அறுபத்தொன்று காட்டியது. எழுபதைத் தாண்டுகிற வரை ஒரு சொட்டும் வராது, பேசாமல் போய் உட்கார் என்று புருஷோத்தமன் தனக்குத் தானே சொல்லிக்கொண்டு போய் உட்கார்ந்தான், அரை நிமிஷத்தில் எழுந்து வந்து மறுபடி பார்த்தான், அறுபத்தொன்றேதான். காரை வெளியே தள்ளிவிட்டு ஷெட்டுக்குள் மேஜை போட்டிருந்தான். மேஜை மேல் இருபத்தைந்து லிட்டர் கொதிகலன், அதன் தலையில் செம்புக் குழாய், அங்கிருந்து சரிந்து இறங்குகிற குளிர்குழாய், அதற்குத் தண்ணீர் கொண்டுவர தோட்டத்துப் பச்சை ட்யூப். ஆறு கிலோ சர்க்கரையும் ஈஸ்டும் தண்ணீருமாக ஒன்பது நாள் மூலையில் போர்வை சுற்றிக்கொண்டு முணுமுணுத்துக் கிடந்த ஊறல் இப்போது கொதிகலனுக்குள் இருந்தது. இந்த ஹாமில்டன் ஊரில் இதெல்லாம் ஒளித்துச் செய்கிற காரியமே இல்லை. நியூசிலாந்தில் சொந்தத்துக்குக் காய்ச்சிக்கொள்ளலாம், விற்கத்தான் கூடாது. கடையில் பிரஷர் குக்கர் விற்கிற மாதிரி அட்டைப்பெட்டியில் போட்டு, செய்முறைப் புத்தகத்தோடு விற்கிறார்கள். ஆனாலும் அவன் ஷெட்டின் கதவை முக்கால்வாசி இறக்கி வைத்திருந்தான், வாசலில் யாராவது நடக்கிற சத்தம் கேட்டால் அவன் காது தானாக அங்கே போனது. ஊர்ப்பழக்கம், அது விமானம் ஏறி அவனோடேயே வந்துவிட்டது. ஏன் இன்றைக்கு என்றால் ஊறல் பதமாகிவிட்டது, இன்னும் வைத்தால் புளித்துப்போகும், அவ்வளவுதான். அவ்வளவுதான் என்று அமுதாவிடம் காலையில் சொன்னபோது அவள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குப் போகிற அவசரத்தில் கம்மலைத் திருகிக்கொண்டே, "மாமா இருக்கறப்பவா? வர வியாழக்கெழம ஊருக்குப் போயிடுவாரு. அஞ்சு நாள் பொறுக்க முடியாதா உங்களால? உள்ள ஒக்காந்துட்டிருக்கிற மனுசனுக்கு வாசன வராதா?" என்றாள். புளித்துப்போகும் என்றான். "புளிக்கட்டுமே" என்று சொல்லிவிட்டுக் காரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள்.

உள்ளே, அமுதா மாமா என்கிற அண்ணன் பச்சையப்பன் சோபாவின் ஓரத்தில் போனைக் காதோடு ஒட்டி ஊர்ச் செய்தி கேட்டுக்கொண்டிருந்தார். ஷெட்டுக்கும் கூடத்துக்கும் நடுவில் ஒரு சுவர்தான், செய்தி வாசிக்கிறவளின் குரல் மட்டும் வார்த்தை இல்லாமல் வந்துகொண்டிருந்தது. ஐம்பத்தாறு வயது, அதில் இருபத்திரண்டு வருஷம் இருட்டு. மூன்று மாதத்துக்கு வா என்று தம்பி கூப்பிட்டான், வந்தார், பனி பார்த்தார், அதாவது கையில் வாங்கி நசுக்கிப் பார்த்தார், வெந்நீர் ஊற்றில் கால் வைத்தார், அமுதா வைக்கிற ரசத்தில் உப்பு குறைவு என்று மூன்று மாதமும் சொன்னார். அந்த மூன்று மாதத்தில் ஒரு நாள் சொல்லிவிடுவது என்றுதான் புருஷோத்தமன் டிக்கெட்டே போட்டான். ஏரிக்கரையில் பெஞ்சில் உட்கார்ந்து சொல்வதாக ஒரு தடவை நினைத்தான், உட்கார்ந்தார்கள், வாத்து கத்தியது, அண்ணன் எத்தனை வாத்து என்று கேட்டார், எண்ணிச் சொன்னான், அதோடு எழுந்து வந்துவிட்டார்கள். சொல்ல வேண்டியது அப்படி ஒன்றும் நீளமானதில்லை. அன்றைக்கு அந்தச் சாராயத்தை வாங்கிக்கொண்டு வந்தது நான்தான் அண்ணா. ஏழு வார்த்தை. எண்ணிப் பார்த்திருக்கிறான், ஏழுதான் வரும். ஊரில் சாராயம் விற்கிற கட்டையனிடம் போய், சாதாரணமானது வேண்டாம், எங்கண்ணனுக்கு, முதலில் இறங்குகிறது வேண்டும் என்று கேட்டு வாங்கினேன் என்பதையும் சேர்த்தால் கொஞ்சம் நீளும். அறுபத்தெட்டு. குளிர்குழாய்க்குத் தண்ணீரைத் திறந்துவிட மறந்திருந்தான், ஓடிப்போய்த் திறந்தான், ட்யூப் ஒரு தரம் உதறிக்கொண்டு நேரானது. முதல் தடவை செய்கிற எல்லாருமே இதைத்தான் மறப்பார்கள் என்று கிரஹாம் சொல்லியிருந்தான். கிரஹாமைச் சொல்லாமல் இந்தக் கதை இல்லை. பால் பவுடர் தொழிற்சாலையில் பாலைச் சுண்டவைக்கிற பிரிவில் இவனோடு பதினைந்து வருஷமாக ஷிப்ட் பார்க்கிற வெள்ளைக்காரன், வீட்டில் பிளம் பழத்தில் காய்ச்சுவான். போன வருஷம் சாப்பாட்டு அறையில் சாண்ட்விச்சை மென்றுகொண்டே, முதலில் வருகிற இருநூறு மில்லியை மட்டும் குடித்துவிடாதே, கீழே ஊற்று, இல்லாவிட்டால் ஜன்னல் கண்ணாடி துடைக்க வைத்துக்கொள், அது ஆகாத சரக்கு என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டு டீ எடுக்கப் போனான். புருஷோத்தமன் கையிலிருந்த சோற்றை டப்பாவில் போட்டுவிட்டு அவன் பின்னாலேயே போனான். முதலில் வருவது ஆகாதா, முதலில் வருவதா என்று திருப்பித் திருப்பிக் கேட்டான். அதற்கு மறு வாரம் கிரஹாமின் பழைய கொதிகலனை விலைக்குக் கேட்டான். இவனுக்கு இதில் இவ்வளவு ஆசை இருக்குமென்று நினைக்கவில்லை என்று கிரஹாம் சந்தோஷப்பட்டான்.

எழுபத்திரண்டு. மூடி சேருகிற இடத்தில் மெல்லிசாக ஆவி கசிந்தது, மூக்கை வைத்துப் பார்த்தான், ரொட்டி வாசனை. விவரம் உள்ளவன் அணைத்துவிட்டு ரப்பர் வளையத்தை மாற்றுவான். இவன் சமையலறைக்குப் போய் அமுதா மதியத்துக்குப் பிசைந்து மூடி வைத்திருந்த சப்பாத்தி மாவில் ஒரு பிடி பிய்த்தான். போகிற வழியில் அண்ணன் முகத்தைத் திருப்பாமலே, "என்னாடா, நடையா நடக்கற?" என்றார். "ஒண்ணுமில்லண்ணா, ஷெட்ட ஒதுங்க வெக்கிறன்" என்றான். "ஒதுங்க வெய்யி, ஒதுங்க வெய்யி" என்றார். அதில் கேலி இருந்ததா, இல்லையா. அண்ணன் பேசுவதில் கேலி எது நிஜம் எது என்று பிரிக்க இவனுக்கு நாற்பத்தெட்டு வயதிலும் தெரியவில்லை. மாவைக் கயிறாக உருட்டி மூடியைச் சுற்றி ஒட்டினான், கசிவு நின்றது. மாவை விரலால் அழுத்தும்போது ஊறலையும் பானையையும் நினைத்தான், அவன் அதைக் கண்ணால் பார்த்ததே கிடையாது, ஊர்க்காரன் பூராவும் குடித்தான், எவனும் பார்த்ததில்லை. ஏரிக்கு அந்தப் பக்கம் கருவேலங்காட்டுக்குள் எங்கோ இறங்கும், கட்டையன் சைக்கிளில் லாரி ட்யூபில் கட்டிக் கொண்டுவருவான், அதற்குள் யார் யார் கை பட்டதோ. ஆனால் முதல் சரக்குக்குத் தனி மரியாதை. பஞ்சாயத்துத் தலைவருக்கு, பெண் கொடுத்த மாமனாருக்கு, வெளியூரிலிருந்து வருகிற மாப்பிள்ளைக்கு. தீக்குச்சி கிழித்துக் காட்டுவான், நீலமாக எரியும், பார்த்துக்கோ, தண்ணி படாதது என்பான். எங்கள் வீட்டிலேயே அப்படித்தானே, முதல் இட்லி அண்ணனுக்கு, முதலில் கறந்த பால் கோயிலுக்கு, புது நெல்லில் முதல் படி வண்ணாருக்கும் பூசாரிக்கும், முதலில் வருவதைத் தனக்கு வைத்துக்கொள்கிறவன் உருப்பட மாட்டான் என்று அம்மா திட்டுவாள். முதலில் வருவது விஷமாக இருக்கும் என்று எந்த வீட்டில் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அவன் பத்து நாள் முன்பே சொல்லிவைத்து, கட்டையனைக் கெஞ்சி, ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய முதல் சரக்கு வாங்கினான். நியூசிலாந்து வேலைக்கு உத்தரவு வந்துவிட்டது, மறுநாள் காலை சென்னையில் வைத்தியப் பரிசோதனை, அது முடிந்தால் விசா. தன்னைப் படிக்கவைத்த அண்ணனுக்குத் தம்பி ஒன்றும் செய்யவில்லை என்று ஊர் சொல்லக் கூடாது.

எழுபத்தெட்டில் முள் நின்றது. குழாயின் வாயில் ஒரு சொட்டு திரண்டது, தொங்கியது, விழவில்லை. பிறகு விழுந்தது. பத்து ஜாம் பாட்டில்களைக் கழுவிக் காயவைத்து ஒன்றிலிருந்து பத்து வரை எண் ஒட்டி வரிசையாக வைத்திருந்தான், ஒன்றாம் பாட்டிலில் சொட்டுச் சொட்டாக வந்து சேர்ந்தது, நிறமே இல்லை, பார்த்தால் தண்ணீர். மூக்குக்குக் கொண்டுபோனால் அமுதா நகத்திலிருந்து பாலிஷ் அழிக்கிற வாசனை, கண்ணோரம் சுரீர் என்றது. அன்றைக்கு இந்த வாசனை வந்ததா. எத்தனையோ தரம் யோசித்துவிட்டான். பாட்டிலைத் திறந்து டம்ளரில் ஊற்றியது அவன்தான், களத்துமேட்டில், சாயங்காலம் ஐந்தரை மணி, வைக்கோல் வாசனை ஞாபகம் இருக்கிறது, அண்ணன் வெங்காயம் நறுக்கியது ஞாபகம் இருக்கிறது, அந்தச் சாராயம் எப்படி மணந்தது என்பது மட்டும் இல்லை, யாரோ அந்த இடத்தை மட்டும் வழித்து எடுத்த மாதிரி. பாட்டிலுக்கு நூறாக இருநூறு மில்லி சேர இருபது நிமிஷம் ஆனது. இரண்டாம் பாட்டிலிலும் சேர்ந்து அளவு கோட்டைத் தொட்டதும் மூன்றாவதை நகர்த்தி வைத்துவிட்டு முதல் இரண்டையும் எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனான். ஒரு கரண்டியில் ஊற்றித் தீக்குச்சி காட்டினான். வெயிலில் நெருப்பே தெரியவில்லை, பற்றவில்லை போலிருக்கிறது என்று கிட்டே போன விரலைச் சுட்டது. மிச்சத்தைக் கீழே கவிழ்க்க வேண்டும். கவிழ்க்கக் கை வரவில்லை. ஆகாத சரக்கு என்பது புத்திக்குத் தெரிகிறது, கைக்குத் தெரியவில்லை, கை அதை யாருக்காவது கொடுக்கப் பார்க்கிறது. வேலி ஓரம் களைச்செடி மேல் ஊற்றினான். ஊற்றிவிட்டு இருநூறுதானா, நூற்றைம்பதா என்று ஒரு சந்தேகம், பாட்டிலில் கோடு போட்டது யார், தான்தான், எதை வைத்துப் போட்டோம், அமுதாவின் அளவுக் குவளையை வைத்து, அந்தக் குவளை சரியா. மூன்றாம் பாட்டிலில் சேர்ந்திருந்ததையும் கொண்டுபோய் ஊற்றினான். நாலாம் பாட்டிலில் பாதியையும் ஊற்றிவிட்டு, இப்படியே போனால் குடிக்க ஒன்றும் மிஞ்சாது என்று அவனுக்கே சிரிப்பு வந்தது.

கிரஹாம் சொன்னது ஒரு பக்கம், இவன் அதற்குப் பிறகு படித்தது ஒரு பக்கம். ஒரு வருஷமாகப் படிக்கிறான், ஷிப்ட் முடிந்து வந்து படிக்கிறான், பிள்ளை டாக்டருக்குப் படிக்கிற வீட்டில்கூட இவ்வளவு படிப்பு நடக்காது என்று அமுதா சொல்கிற அளவுக்குப் படிக்கிறான். வெறும் சர்க்கரையில் காய்ச்சினால் முதல் இருநூறில்கூட கண்ணைப் பறிக்கிற அளவு மெத்தனால் இருக்காதாம். வாசனை கெட்டிருக்கும், தலை வலிக்கும், அவ்வளவுதான். ஊர் ஊராகக் கண் போவதும் உயிர் போவதும் எவனாவது ஆலைச் சரக்கை, பெயின்ட்டுக்கு ஊற்றுகிறதை, வீரியத்துக்காகக் கலந்துவிடுகிறதால். அப்படியானால் முதல் சரக்கு என்று கேட்டு வாங்கியதில் குற்றமில்லை, எதை வாங்கியிருந்தாலும் அதே கதிதான். இதைப் படித்த அன்றைக்கு ஒரு மணி நேரம் காரில் சும்மா சுற்றினான், ஐஸ்கிரீம்கூட வாங்கித் தின்றான். மறுநாள் பல் தேய்க்கும்போது அடுத்த எண்ணம் வந்து நின்றது. அந்த வாரம் ஊரில் எத்தனையோ பேர் குடித்தார்கள், பாக்கெட் வாங்கியவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. கெட்டது ஐந்து பேர், ஐந்து பேரும் தனியாகச் சொல்லிவைத்து வாங்கிய பேர்வழிகள். அப்படியானால் கட்டையன் யாருக்குக் கலந்தான், முதல் சரக்கு என்று வந்து நின்றவர்களுக்குத்தான், அவனிடம் முதல் சரக்கு ஏது, வீரியத்தை எங்கிருந்தாவது கொண்டுவரத்தானே வேண்டும். மறுபடி தொடங்கின இடத்துக்கே வந்து சேர்ந்தான். மாடு செக்கைச் சுற்றுகிற மாதிரி இந்த ஒரு வருஷமும் இதையே சுற்றினான். அதற்குத்தான் இந்தக் கொதிகலன், செம்புக் குழாய், பத்து பாட்டில், எல்லாம். பொழுதுபோக்கு என்று தொழிற்சாலையில் சொல்லிவைத்திருக்கிறான்.

ஐந்தாம் பாட்டில் நிறைந்தது. வாசனை மாறியிருந்தது, காரம் போய் லேசான இனிப்பு, இதுதான் நடுவில் வருகிற நல்லது, இன்னும் மூன்று பாட்டிலுக்கு இப்படியே வரும், அதற்குப் பிறகு நனைந்த அட்டைப்பெட்டி நாற்றம் தொடங்கும், அங்கே நிறுத்த வேண்டும். சூட்டைக் கொஞ்சம் குறைத்தான், சொட்டு நிதானப்பட்டது. அந்த மறுநாள் அவன் விடிகாலை நாலரை பஸ்ஸில் சென்னைக்குப் போய்விட்டான். ரத்தம் எடுத்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள், ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு சுவரில் இருந்த எழுத்தைப் படிக்கச் சொன்னார்கள், கடைசி வரி வரைக்கும் தடங்கலில்லாமல் படித்தான், படிக்கச் சொன்ன பெண் சபாஷ் என்றாள். ஏறக்குறைய அதே நேரத்துக்கு அண்ணன் பாயில் எழுந்து உட்கார்ந்து, "என்னாம்மா இன்னிக்கி விடியவே மாட்டேங்குது" என்று அம்மாவைக் கேட்டிருக்கிறார். எட்டு மணி, வாசலில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது என்று அம்மா பிற்பாடு சொல்லிச் சொல்லி அழுதாள். ஆஸ்பத்திரியில் போலீஸ்காரர் வந்து, யார் வாங்கிக் கொடுத்தது என்று கேட்டதற்கு, "நானேதான் போயி வாங்கனன். யாரும் குடுக்கல" என்று அண்ணன் சொல்லிவிட்டார். சென்னையிலிருந்து ஓடிவந்திருந்த இவன் கட்டில் காலடியில் நின்றுகொண்டிருந்தான். ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லியிருந்தால் இவன் பெயர் வழக்கில் ஏறியிருக்கும், பெயர் ஏறியிருந்தால் விசா இல்லை, நியூசிலாந்து இல்லை, அமுதா இல்லை. ஆனால் அண்ணன் தெரிந்து சொன்னாரா, மயக்கத்தில் சொன்னாரா. அப்போது அவருக்குப் புத்தி தெளிவில்லை, செத்துப்போன அப்பாவைக்கூடக் கூப்பிட்டார். நிஜமாகவே மறந்துபோய், தானேதான் வாங்கினோம் என்று நம்பிவிட்டாரா. நம்பியிருந்தால் இருபத்திரண்டு வருஷமும் தன் மேலேயே பழியைப் போட்டுக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருக்கிறார், அதைப் போய்ச் சொல்லி எடுத்துவிட வேண்டும். நம்பாமல், எல்லாம் தெரிந்தே தம்பிக்காகச் சொன்னார் என்றால், இவன் அனுப்புகிற வேட்டியையும் மாத்திரையையும் வாங்கிக்கொண்டு, கல்யாணத்துக்கு வந்து அட்சதை போட்டு, மூன்று மாதமாக இவன் வீட்டு ரசத்தைச் சாப்பிட்டு, வாத்து எத்தனை என்று கேட்கிற மனிதர் யார். அதை நினைத்தால்தான் பயமாக இருந்தது. ஒரு வசவு வைதிருந்தால்கூடத் தேவலை என்று அவன் பல நாள் ஏங்கியிருக்கிறான்.

செய்திக் குரல் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று கவனிக்கவில்லை. சுவரைத் தடவுகிற சத்தம், பிறகு கதவு, அண்ணன் வாசற்படியைக் காலால் துழாவி இறங்கினார், ஷெட்டுக்குள் இரண்டடி வைத்து நின்று மூக்கை நிமிர்த்தினார். புருஷோத்தமன் ஒரு நாற்காலியை இழுத்து அவருடைய முழங்காலில் படும்படி வைத்தான். உட்கார்ந்தார். சொட்டு விழுகிற சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டார்.

"காய்ச்சறியா?"

"ஆமாண்ணா."

"எத்தினி நாளா?"

"இதான் மொத தடவ. இங்க தப்பு கெடையாது, எல்லாரும் காய்ச்சுறாங்க. சும்மா ஒரு பொழுதுபோக்குக்கு..."

"பொழுதுபோக்கா? உனக்கா?" அண்ணன் சிரித்தார். "அமுதா சொல்லிட்டுத்தான் போனா. மாமா, ஷெட்டுப் பக்கம் வாசன வந்தா ஒண்ணும் நெனச்சிக்காதீங்கன்னு. நான் என்னா நெனைக்கப் போறன்." கையை நீட்டி மேஜையைத் தேடி, பாட்டில்களின் வாயை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். ஐந்தாம் பாட்டிலில் விரல் நின்றது, குனிந்து முகர்ந்தார். "இது நல்லா இருக்கு. கொஞ்சம் குடு."

இருபத்திரண்டு வருஷத்தில் அண்ணன் வாயில் ஒரு சொட்டு வைத்ததில்லை. "உனக்கு வேணாண்ணா" என்றான் புருஷோத்தமன்.

"ஏன் வேணாம்? கெட்டுப்போறதுக்கு இன்னும் என்னா கண்ணு மிச்சம் இருக்குதா எனக்கு? ஊத்துடா."

எவர்சில்வர் டம்ளரில் இரண்டு விரற்கடை ஊற்றினான், அதற்குச் சரியாகத் தண்ணீர் கலந்தான். இது சுத்தம், பாதியைக் கீழே ஊற்றியாயிற்று, சர்க்கரையும் ஈஸ்டும் தவிர வேறொன்றும் இதில் கிடையாது, அவனே கடையில் வாங்கினான், அவனே கரைத்தான். அன்றைக்கும் அவனேதான் வாங்கினான். இப்போது சொல்லாவிட்டால் வியாழக்கிழமை விமான நிலையத்தில் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போகிறவனிடம் அண்ணனை ஒப்படைத்துவிட்டு வந்துவிட வேண்டியதுதான், அடுத்த தடவை யார் இருப்பார்கள் யார் போவார்கள். டம்ளரை அண்ணன் கையில் கொடுத்தான். கொடுத்துவிட்டு, "ண்ணா, அன்னைக்கி அந்த சாராயத்த..." என்று ஆரம்பித்தான்.

அண்ணன் டம்ளரை அவன் பக்கமே திருப்பி நீட்டினார். "நீ மொதல்ல குடி."

"ண்ணா..."

"அன்னைக்கி நீ எனக்கு ஊத்திக் குடுத்துட்டு ஒன்னோடத வைக்கோல்ல ஊத்தன. சத்தம் கேட்டுது. காலைல டெஸ்ட்டு இருக்குது, சொல்ல வெக்கப்படறான் பையன்னு நெனச்சிக்கினு பேசாம இருந்தன்." குரலில் கோபம் எதுவும் இல்லை, பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வது போலச் சொன்னார். "எல்லாம் அப்பறம் பேசிக்கலாம். மொதல்ல குடி."

புருஷோத்தமன் டம்ளரை வாங்கினான். அண்ணன் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்து, இடது கையை நீட்டி, அவன் மார்பில் தொட்டு, தோளுக்குப் போய், அங்கிருந்து கழுத்தைக் கண்டுபிடித்து, குரல்வளை மேல் இரண்டு விரலை வைத்தார். விரல்கள் குளிர்ந்திருந்தன. அவன் குடித்தான். அது எரித்துக்கொண்டு இறங்கியது, விரலுக்கடியில் தொண்டை ஏறி இறங்கியது. அண்ணன் விரலை எடுக்கவில்லை. இன்னொரு மடக்கு குடித்தான், அதுவும் இறங்கி முடிகிற வரை அவர் வைத்திருந்தார். பிறகு கையை எடுத்து, டம்ளருக்காக நீட்டினார்.